விபத்தில் அடிபட்டவர் ஒரு மாதம் கழித்து இறந்தால்: நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

சாலை விபத்தில் ஒருவர் அந்த இடத்திலேயே இறந்துவிட்டால் போலீஸ், போஸ்ட்மார்ட்டம், எஃப்.ஐ.ஆர். எல்லாம் அதன் போக்கில் நடந்துவிடும். அடிபட்டு, ஆஸ்பத்திரி, வீடு, மறுபடி ஆஸ்பத்திரி என்று அலைந்து ஒரு மாதம் கழித்து இறந்தால் எதுவும் தானாக நடக்காது. ஒவ்வொரு காகிதத்தையும் வீட்டில் இருப்பவர்தான் தள்ளிக்கொண்டு போக வேண்டும். என் அப்பாவுக்கு நடந்தது இரண்டாவது வகை. நான் ஒரே பிள்ளை, அம்மாவுக்கு உடம்பு முடியாது, அதனால் தள்ளியது முழுக்க நான்தான். தமிழ்நாட்டில் இப்படி ஒரு நிலைமையில் யாராவது மாட்டிக்கொண்டால் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும் என்றுதான் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நடந்தது 2024 கடைசியில். அப்பாவுக்கு 66 வயது. சாயங்காலம் நடந்துவிட்டுத் திரும்பும்போது புறவழிச்சாலையைக் கடக்கையில் ஒரு பைக் மோதிவிட்டது. ஓட்டி வந்தது கல்லூரிப் பையன். அந்த வழியாக வந்த ஆட்டோக்காரர் ஒருவர் அப்பாவைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அரசு மருத்துவமனையில் சேர்த்துவிட்டு, பேர்கூடச் சொல்லாமல் போய்விட்டார். அவர் இல்லையென்றால் அப்பா அன்றைக்கே போயிருப்பார். ஆனால் அவசரப் பிரிவில் "என்னாச்சு?" என்று கேட்டபோது அவர் "ரோட்டுல விழுந்து கெடந்தாருங்க" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். பைக், மோதல் என்று வாயைத் திறந்தால் சாட்சிக்கு இழுப்பார்களோ என்ற பயம். உதவி செய்பவரை அப்படி இழுக்கக் கூடாது, பேர், முகவரி சொல்லும்படி கட்டாயப்படுத்தவும் கூடாது என்று 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்று ஒரு பிரிவையே சேர்த்திருக்கிறார்கள். அது ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் வந்து சேரவில்லை. டியூட்டி டாக்டர் அவர் சொன்னதை அப்படியே விபத்துப் பதிவேட்டில் எழுதிவிட்டார்: சாலையில் விழுந்து கிடந்தவர்.

இந்தப் பதிவேட்டின் நகலைத்தான் ஏ.ஆர். காப்பி என்கிறார்கள். யார் கொண்டுவந்தது, எத்தனை மணிக்கு, எந்த இடம், எந்த வாகனம், நினைவு இருந்ததா, என்னென்ன காயம் என்று ஒரு பக்கத்துக்குள் அடங்கிவிடும். பின்னால் இன்சூரன்ஸ் வக்கீல் முதலில் எடுத்து நீட்டுவது இந்த ஒரு பக்கத்தைத்தான். தானாக விழுந்தவர் என்று ஒரு வரி இருந்தால் அவருக்கு அதுவே போதும். நான் மறுநாள்தான் அதைப் பார்த்தேன். எழுதியதை அடித்துத் திருத்த மாட்டார்கள், திருத்தச் சொல்லவும் கூடாது. அதற்குப் பதிலாக வார்டில் எழுதும் கேஸ் ஷீட்டில், பைக் மோதியது என்பதையும் வண்டி எண்ணையும் நேரத்தையும் மகள் சொன்னதாகப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டேன். டாக்டர் எழுதிக் கொடுத்தார். அப்புறம் தனியார் மருத்துவமனைக்கு மாற்றியபோது சேர்க்கைக் குறிப்பிலும் அதையே எழுத வைத்தேன். இரண்டு இடத்தில் ஒரே விஷயம் இருப்பது பிறகு ரொம்பக் கைகொடுத்தது. உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி ஆனால், முதல் நாள் ராத்திரியே அந்தப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். மருத்துவம் பார்ப்பவர்கள் மருத்துவத்தைப் பார்ப்பார்கள், இதை நாம்தான் பார்க்க வேண்டும்.

போலீஸ் விஷயம் இன்னும் நீளம். பையனின் அப்பாவும் மாமாவும் மறுநாளே வந்துவிட்டார்கள். கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன், பதறிப்போயிருந்தார்கள். "கேஸ்னு போனா பையன் வாழ்க்கை போயிடும்மா, செலவை நாங்க பாத்துக்கிறோம், பேசி முடிச்சுக்கலாம்." காவல் நிலையத்திலும் அதே காற்றுதான் வீசியது. புகாரை வாங்கிக்கொண்டு கையில் ஒரு சி.எஸ்.ஆர். ரசீதைக் கொடுத்தார்கள். பலர் அதையே எஃப்.ஐ.ஆர். என்று நினைத்துப் பத்திரமாக வைத்துக்கொள்கிறார்கள். இல்லை. அது புகார் பெற்றுக்கொண்டதற்கான ரசீது மட்டும். எஃப்.ஐ.ஆர். இல்லையென்றால் விபத்து என்று ஒன்று அரசாங்கக் கணக்கில் நடக்கவே இல்லை, அந்த பைக்கின் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நமக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பையன் வீட்டார் கொண்டுவந்து கொடுத்தது முப்பதாயிரம் ரூபாய். ஐ.சி.யூ.வில் அது இரண்டு நாளைக்குக் கூடக் காணாது.

நான் நிலையத்துக்குத் திரும்பத் திரும்பப் போனேன். "ஐயா ரவுண்ட்ஸ்ல இருக்காரு", "பந்தோபஸ்து போயிருக்காரு" என்பதுதான் பதில். கடைசியில் புகாரின் நகலையும் சி.எஸ்.ஆர். எண்ணையும் வைத்து மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். பி.என்.எஸ்.எஸ்., அதாவது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், 173(4) என்ற பிரிவில் இதற்கு வழி இருக்கிறது. அந்த வாரமே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட்டார்கள், பி.என்.எஸ். என்கிற புதிய தண்டனைச் சட்டத்தில் 281, 125(பி). கவனக்குறைவாக ஓட்டியது, கொடுங்காயம் ஏற்படுத்தியது. நாள் கடந்து புகார் பதிவாகும்போது ஏன் தாமதம் என்பதை அதிலேயே எழுதச் சொல்லுங்கள். "அப்பாவை ஐ.சி.யூ.வில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், இன்ன தேதியில் புகார் கொடுத்தேன், இன்ன சி.எஸ்.ஆர். எண்" என்று இரண்டு வரி போதும். அந்த இரண்டு வரி இல்லாவிட்டால் பின்னால் அதுவே ஒரு கேள்வியாக வந்து நிற்கும்.

பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தலையில் ரத்தக்கசிவு, தொடை எலும்பு முறிவு. தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், விபத்து நடந்து முதல் 48 மணி நேரத்துக்கு, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனையிலும் பணம் கட்டாமல் சிகிச்சை பெறலாம். தொடங்கியபோது உச்சவரம்பு ஒரு லட்சம் ரூபாய். நாங்கள் மாற்றிய மருத்துவமனை அந்தப் பட்டியலில் இருந்தது. சேர்க்கும்போதே கவுண்டரில் வாய்விட்டுக் கேட்டதால் அது கிடைத்தது. தலை ஆபரேஷனின் பெரும்பங்கு அதில் போய்விட்டது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் எங்கள் கையிலிருந்துதான். ஏறக்குறைய மூன்று வாரம் அங்கே இருந்ததில் ஐந்தரை லட்சத்தைத் தாண்டியது. அம்மாவின் நகை முழுக்க அடகுக்குப் போனது. எனக்குச் சம்பளமில்லாத விடுப்பு, அதையும் செலவுக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். மருந்துக் கடை பில்லில் நோயாளி பேர் இருக்கிறதா என்று அப்போதைக்கப்போதே பாருங்கள். வெறும் பில்லாகக் கொடுத்துவிடுகிறார்கள், பின்னால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் அது செல்லாது என்பார்கள். மெடிக்ளெய்ம் இருந்து ஒரிஜினல் பில்லை அவர்கள் வாங்கிக்கொண்டால், மருத்துவமனை முத்திரையுடன் ஒரு செட் நகல் எடுத்து வையுங்கள்.

அப்பாவை வீட்டுக்கு அனுப்பியபோது தொண்டையில் துளை, மூக்கில் குழாய். கண் திறந்து பார்ப்பார், என்னைத் தெரிந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சளியை உறிஞ்சும் மெஷின் வாடகைக்கு எடுத்தோம். ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த மெஷின் சத்தம் கேட்டால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். குழாய் வழியாகப் போகும் ஆகாரம் சில சமயம் நுரையீரலுக்கு ஏறிவிடும் என்று எச்சரித்திருந்தார்கள், அதேதான் நடந்தது. காய்ச்சல், மூச்சிரைப்பு. பழைய இடத்துக்குத் திரும்பிப் போகக் காசில்லை. பக்கத்து ஊரில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் சேர்த்தோம். அங்கே அவர் விபத்து நோயாளி இல்லை, நிமோனியா நோயாளி. மூன்றாம் நாள் விடியற்காலையில் இறந்துவிட்டார். விபத்து நடந்து முப்பது நாள் தாண்டியிருந்தது, சில நாட்கள்தான்.

அந்தக் காலையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம்தான் வருகிறது. அழுவதற்கு முன்னாலேயே பில் செட்டில் பண்ணச் சொன்னார்கள். கையெழுத்து வாங்கினார்கள். "எடுத்துட்டுப் போகலாம்மா." சித்தப்பா ஊருக்குப் போன் போட்டு, ஃப்ரீசர் பாக்ஸ், பந்தல் எல்லாம் சொல்லிவிட்டார். வாசலில் அமரர் ஊர்தி நின்றது. டிரைவர் அப்பாவின் மொட்டைத் தலையில் தையல் தழும்பைப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ஆக்சிடென்ட் கேஸா? போஸ்ட்மார்ட்டம் ஆச்சா? போலீஸுக்குச் சொன்னீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றதும் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். "பாடிய எடுத்துட்டீங்கன்னா அதோட முடிஞ்சுதும்மா. அப்புறம் யாரு வந்து கேட்டாலும் நிமோனியாதான்." டாக்டர், வக்கீல், படித்த சொந்தக்காரர்கள் யாரும் சொல்லாததை அவர்தான் சொன்னார்.

உறவில் பெரிய சண்டை. "செத்தவரை அறுக்கணுமா? பணத்துக்காகவா?" என்று சித்தப்பா எல்லார் முன்னாலும் கேட்டார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை. நேராக உள்ளே போய், இவர் சாலை விபத்து வழக்கில் உள்ளவர், இதோ எஃப்.ஐ.ஆர்., காவல் நிலையத்துக்கு இறப்புத் தகவல் அனுப்புங்கள் என்றேன். டெத் இன்டிமேஷன் என்று கேட்டால் அவர்களுக்குப் புரியும். முதலில் மறுத்தார்கள், "எங்ககிட்ட வந்தது காய்ச்சல்னுதானே?" என்று. டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டியதும் அனுப்பினார்கள். விபத்து நடந்த எல்லை வேறு, மருத்துவமனை இருக்கும் எல்லை வேறு என்பதால் அதில் அரை நாள் போனது. பிறகு உடலை அரசு மருத்துவமனைப் பிணவறைக்குக் கொண்டுபோய், போலீஸார் வந்து பிரேத விசாரணை நடத்தி, பஞ்சாயத்தாராக எங்கள் தெருக்காரர்கள் கையெழுத்துப் போட்டு, இருட்டிவிட்டதால் மறுநாள் காலையில் பரிசோதனை. பிணவறைக்கு வெளியே ஒரு சிமெண்ட் திண்ணை. அங்கே அன்றைக்குக் காத்திருந்தவர்களில் பாதிப் பேர் விபத்துக் குடும்பங்கள், அதிலும் பெரும்பாலும் பைக். ஒரு பெண் கையில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அதில் ஒரு கீறல்கூட இல்லை. போட்டுக்கொண்டு போகவில்லை போலிருக்கிறது.

பரிசோதனை செய்த டாக்டரிடம் பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் அறிக்கை, இரண்டாவது மருத்துவமனையின் குறிப்பு எல்லாவற்றையும் போலீஸ் மூலமாகச் சேர்த்துவிடுங்கள். நிமோனியா எதிலிருந்து வந்தது என்று அவர் எழுத வேண்டும் என்றால் நடந்தது முழுக்க அவர் கண்ணில் பட வேண்டும். எங்களுக்கு வந்த கருத்தில், தலைக்காயத்தின் பின்விளைவுகளால் மரணம் என்று தெளிவாக இருந்தது. இதே விஷயம் மருத்துவமனை தரும் இறப்புக் காரணச் சான்றிலும் வரும். படிவம் 4 என்பார்கள். அதில் உடனடிக் காரணம், அதற்கு முந்தைய காரணம், எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் மூலக் காரணம் என்று வரிசையாக இடம் விட்டிருக்கும். அவசரத்தில் எழுதுபவர்கள் முதல் வரியில் இதயமும் சுவாசமும் நின்றுபோனது என்று எழுதி முடித்துவிடுவார்கள். எல்லாருக்கும் கடைசியில் அதுதானே நிற்கும்? மூலக் காரணம் என்ற இடத்தில் சாலை விபத்தில் தலைக்காயம் என்று வந்தால்தான் அது விபத்து மரணமாகக் குறியிடப்படும். இல்லையென்றால் நோய் மரணங்களோடு போய்ச் சேரும். 2023-இல் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தைத் திருத்தியபோது, இந்தச் சான்றின் ஒரு நகலை நெருங்கிய உறவினருக்குத் தர வேண்டும் என்று ஆக்கியிருக்கிறார்கள். கேட்டு வாங்குங்கள். ஏனென்றால் நகராட்சியில் வாங்கும் இறப்புச் சான்றிதழில் இறப்புக்கான காரணம் இருக்காது, சட்டமே அதை அச்சிடக் கூடாது என்கிறது.

காரியம் முடிந்த கையோடு காவல் நிலையம். காயம் என்று போட்ட வழக்கை மரணம் என்று மாற்ற வேண்டும், அதாவது 106(1) பிரிவுக்கு. செக்‌ஷன் ஆல்டர் பண்ணுவது என்பார்கள். அந்த மாற்ற அறிக்கை மாஜிஸ்திரேட் நீதிமன்றத்துக்குப் போயாக வேண்டும், அதன் நகல் நம் கைக்கு வந்தாக வேண்டும். "அனுப்பிட்டோம்" என்ற வார்த்தையை நம்பி வந்துவிடாதீர்கள். நிலையத்தின் ரைட்டர் நல்ல மனிதர், வயதானவர். அவர்தான் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "கேஸ் மரணக் கேஸ்தாம்மா, அதுல ஒண்ணும் சந்தேகமில்ல. ஆனா ஆக்சிடென்ட் கணக்குன்னு மேல போகுது பாருங்க, அதுல உங்கப்பா சாவுல வரமாட்டாரு. முப்பது நாளைக்குள்ள இறந்தாத்தான் சாவு. இவரு காயத்துலயே இருப்பாரு."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். உண்மைதான். விபத்து நடந்து 30 நாளுக்குள் இறந்தால் அது சாலை விபத்து மரணம் என்பது உலக அளவில் வைத்துக்கொண்ட வரையறை, மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் ஆண்டறிக்கையும் அதையே பின்பற்றுகிறது. நாடுகளை ஒப்பிட ஏதாவது ஒரு கோடு வேண்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஃபிரான்ஸ் 2004 வரை ஆறு நாள் கணக்குத்தான் வைத்திருந்தது, ஜப்பான் போலீஸ் இன்னமும் 24 மணி நேரக் கணக்கைத்தான் முதலில் வெளியிடுகிறது. ஆனால் சட்டத்துக்கு அந்தக் கோடு இல்லை. முப்பத்தைந்தாம் நாள் இறந்தாலும், மூன்று மாதம் கழித்து இறந்தாலும், விபத்தால்தான் இறந்தார் என்று காட்ட முடிந்தால் 106(1) பொருந்தும், மரணத்துக்கான இழப்பீடும் கேட்கலாம். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், "முப்பது நாள் தாண்டிடுச்சு, இனிமே டெத் கிளெய்ம் வராது" என்று ஒரு புரோக்கர் என்னிடமே சொன்னார். நம்பிவிடாதீர்கள்.

கணக்கை எடுப்பது எப்படி என்று பார்த்தால் எல்லாம் அந்த ரைட்டர் மேஜையில்தான் தொடங்குகிறது. முன்பு நிலையத்திலிருந்து மாவட்டத்துக்கு, அங்கிருந்து மாநிலத்துக்கு என்று படிவங்களாகப் போகும். இப்போது போலீஸ்காரர் சம்பவ இடத்திலேயே செல்போன் செயலியில் ஏற்றுகிறார்: இடம், போட்டோ, வண்டி, சாலையின் தன்மை, இறப்பா கொடுங்காயமா என்று. ஐ.ஐ.டி. மெட்ராஸும் தேசிய தகவலியல் மையமும் சேர்ந்து உருவாக்கிய ஐராட் என்ற அமைப்பு அது, முதலில் சோதனை பார்த்த ஆறு மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. கருவி நல்ல கருவிதான். ஆனால் எஃப்.ஐ.ஆர். ஆகாமல் பேசி முடிக்கப்பட்ட விபத்தை எந்தச் செயலி பார்க்கும்? நிமோனியா என்று வீட்டுக்குப் போன உடலை எப்படிப் பார்க்கும்? 2021-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,53,972 பேர் என்றது அமைச்சகம். அதே ஆண்டுக்குத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொன்னது 1,55,622. இரண்டும் போலீஸிடமிருந்து வந்ததுதான். உலக சுகாதார நிறுவனம் தன் மதிப்பீட்டில் சுமார் 2.16 லட்சம் என்றது. அறுபதாயிரம் பேர் இடைவெளி! மதிப்பீடு மதிப்பீடுதான், கூடக் குறைய இருக்கும். ஆனாலும் அந்த அறுபதாயிரத்தில் ஒருவர் எப்படி விழுந்தார் என்பதைக் கூடவே இருந்து பார்த்தவள் நான்.

காயப்பட்டவர் எண்ணிக்கையை மட்டும் நான் நம்பவே மாட்டேன். அதே 2021 அறிக்கையில் காயமடைந்தவர்கள் 3,84,448. அதாவது ஒரு சாவுக்கு இரண்டரைக் காயம். எந்த அரசு மருத்துவமனை விபத்துப் பிரிவிலாவது ஒரு சனிக்கிழமை ராத்திரி உட்கார்ந்து பார்த்தவருக்கு இது சிரிப்பை வரவழைக்கும். மாநிலங்களைப் பாருங்கள்: 2022-இல் கேரளாவில் 43,910 விபத்து, 4,317 மரணம். உத்தரப் பிரதேசத்தில் 41,746 விபத்து, 22,595 மரணம். உத்தரப் பிரதேசத்தில் ரெண்டு விபத்துக்கு ஒருவர் சாகிறார், கேரளாவில் பத்துக்கு ஒருவர் என்றா அர்த்தம்? கேரளாவில் சின்ன விபத்தும் புத்தகத்தில் ஏறுகிறது என்பதுதான் பெரும்பகுதி காரணமாக இருக்க வேண்டும். அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடு 64,105 என்று நாட்டிலேயே முதலிடம், மரணம் 17,884. முதலிடம் என்று டி.வி.யில் கத்துவார்கள். எழுதி வைக்கும் மாநிலம்தான் எப்போதும் முதலில் மாட்டும். அதற்காக 17,884 சின்ன எண் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டும் பார்த்தேன், அப்பாவின் வழக்கு எந்தத் தலைப்பில் இருக்கிறது என்று. கொடுங்காயம் என்றே பதில் வந்தது, பக்கத்திலேயே 106(1) என்று பிரிவும் போட்டிருந்தது. அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இழப்பீட்டுக்கு அதனால் ஒரு பைசா குறையாது. ஆனாலும் மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

இழப்பீட்டுக்கு வருகிறேன். 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி போலீஸ் 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையையும், 90 நாளுக்குள் விரிவான அறிக்கையையும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குத் தர வேண்டும். தரவில்லையென்றால் எழுத்தில் கேளுங்கள். அதே தேதி முதல், இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்றும் இருக்கிறது. அந்த ஆறு மாதம் விபத்து நடந்த தேதியிலிருந்து ஓடுகிறது, இறந்த தேதியிலிருந்து இல்லை. நோயாளியைப் பார்த்துக்கொள்வதிலேயே காலம் போகும் எங்களைப் போன்றவர்களுக்கு இது பெரிய பொறி. வாரிசுச் சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், தாசில்தார் அலுவலகத்தில் அது தன் நேரத்துக்குத்தான் வரும். மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டால் மனு இங்கே இல்லை, கோட்டாட்சியர் அல்லது தாசில்தார் வழியாகத் தனித் திட்டம் இருக்கிறது: மரணத்துக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000.

ஆஸ்பத்திரி வராண்டாவில் கார்டு கொடுப்பவர்கள் பற்றி ஒரு வார்த்தை. வந்த தொகையில் கால் பங்கு, மூன்றில் ஒரு பங்கு என்று பேசுவார்கள், வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். அப்பா ஐ.சி.யூ.வில் இருக்கும்போதே ஒருவர் என்னிடம் வக்காலத்துப் படிவத்தை நீட்டினார். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் இலவசமாக வக்கீல் கிடைப்பார். 1987 சட்டத்திலேயே இருக்கிறது, கோர்ட் வளாகத்துக்குள்ளேயே அலுவலகமும் இருக்கும். நான் அப்படித்தான் போனேன். கொஞ்சம் மெதுவாக நடக்கும், ஆனால் பங்கு கேட்க யாரும் வர மாட்டார்கள்.

இன்னொன்று, இறந்தவரின் வங்கிப் பாஸ்புக்கைப் பக்கம் பக்கமாகப் பாருங்கள். அப்பாவின் பாஸ்புக்கில் ஒவ்வொரு வருடமும் மே கடைசி வாக்கில் இருபது ரூபாய் பிடித்திருந்தார்கள். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. விபத்து மரணத்துக்கு இரண்டு லட்சம். வங்கியில் யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. கேட்டபோது எஃப்.ஐ.ஆரும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் கேட்டார்கள், இருந்தது, கொடுத்தேன். அந்தப் பணம் வந்துதான் நகையில் பாதியைத் திருப்பினோம். சித்தப்பா அதற்கப்புறம் அறுத்ததைப் பற்றிப் பேசுவதில்லை.

தீர்ப்பாயத்தில் வழக்கு நடக்கிறது. எதிர்பார்த்தபடி இன்சூரன்ஸ் தரப்பு இரண்டு தாளைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது: 'விழுந்து கிடந்தவர்' என்ற ஏ.ஆர். காப்பி, நிமோனியா என்ற கடைசி மருத்துவமனைக் குறிப்பு. முதலாவதற்குக் கேஸ் ஷீட்டும் எஃப்.ஐ.ஆரும் இருக்கின்றன. இரண்டாவதற்குப் பரிசோதனை செய்த டாக்டர் நேரில் வந்து சாட்சி சொல்ல வேண்டும். போன வாய்தாவுக்கு அவர் வரவில்லை, மாற்றலாகி வேறு மாவட்டத்துக்குப் போயிருக்கிறார். புது முகவரிக்குச் சம்மன் அனுப்பப் படி கட்டியாயிற்று. அடுத்த வாய்தா தை பிறந்துதான்.